நாவில் பழகட்டும் ஆங்கிலம்

(யூபிலி ஆண்டையொட்டி நம் பங்கில் நடைபெற்ற பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆங்கிலம் கற்பிப்பதில் கைக்கொள்ளத்தக்க சில நடைமுறை வழிகளைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் ஆசிரியர்களாகிய எங்களைப் பணித்தார்கள். ஆங்கிலம் என்றதும் நம் வீடுகளில் எழும் கவலையை நாங்கள் அறிவோம். மகன் முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலப் பாடம் படித்திருக்கிறான்; தேர்விலும் தேறியிருக்கிறான். ஆனால் வேலைக்கான நேர்முகத்தில், "உன்னைப் பற்றிச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டால், வாய் திறவாமல் தலை குனிந்து நிற்கிறான். தாய் காதுத் தோட்டை அடகு வைத்து அவனை மூன்று மாதப் பயிற்சியொன்றில் சேர்க்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளில் வராதது மூன்று மாதத்தில் எப்படி வரும் என்று யாரும் கேட்பதில்லை.

இது பிள்ளையின் மூளைக் குறையா? அன்று. அதே பிள்ளை ஐந்து வயதிற்குள், இலக்கணம் என்ற சொல்லைக்கூடக் கேளாமல், தமிழைப் பிழையின்றிப் பேசக் கற்றுக்கொண்டவன்தானே! அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 50 பிள்ளைகள். ஆசிரியர் 30 நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 10 நிமிடத்தை 50 பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 12 நொடி. ஆண்டுக்கு 200 பாடவேளைகள் நடந்தாலும், ஒரு பிள்ளை ஆங்கிலம் பேசும் நேரம் ஓர் ஆண்டில் 40 நிமிடந்தான். அதாவது, ஆண்டு முழுவதற்கும் ஒரே ஒரு பாடவேளை! பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு பாடவேளை. இவ்வளவு குறைந்த பழக்கத்தில் எந்தக் கலைதான் கைவரும்? கரையில் நின்று நீச்சல் விதிகளை ஒப்பித்தவன் கடலில் இறங்கினால் என்ன ஆவான் என்பதைக் கடலோரத்து மக்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இன்று நாங்கள் சொல்ல வந்தது ஒன்றே. ஆங்கில வகுப்பு நன்றாக நடந்ததா என்பதை ஆசிரியர் எவ்வளவு நடத்தினார் என்பதைக் கொண்டு அளக்கலாகாது. பிள்ளை தன் வாயால், பொருள் உணர்ந்து, எவ்வளவு நேரம் பேசினான் என்பதே சரியான அளவுகோல். இனி நாங்கள் கூறும் வழிகள் யாவும் அந்த நேரத்தைக் கூட்டுவதற்கான வழிகளே.

வரலாறு கூறும் பாடம்

நம் மண்ணின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மொழி தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கிருந்த காலக்குறைவில் அது பெரும்பணி. ஆனால் மனப்பாடம் செய்த செபத்தைக் கொண்டு மக்களோடு உரையாட இயலாது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் மக்களிடையே தங்கி, அவர்களோடு பேசிப்பேசியே தமிழைக் கற்றார். மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசும் நிலையை அடைந்தார். தமிழுக்கு இலக்கணக் குறிப்பும் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்ததே. மனப்பாடம் ஒரு தேவைக்கு உதவும். மொழி கைவருவதற்குப் பழக்கம் வேண்டும்.

பிரான்சு நாட்டில் குவான் என்றோர் ஆசிரியர் இருந்தார். ஜெர்மன் மொழி கற்க ஹாம்பர்க் நகருக்குச் சென்றார். அறைக்குள் அமர்ந்து இலக்கண நூல் ஒன்றையும் 248 ஒழுங்கற்ற வினைச்சொற்களையும் மனப்பாடம் செய்தார். பல்கலைக்கழகத்துக்குச் சென்று விரிவுரையைக் கேட்டார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு வேர்ச்சொற்களைப் படித்தார். அகராதியையே மனப்பாடம் செய்தார். அப்போதும் விளங்கவில்லை. ஊர் திரும்பியபோது, தம் உடன்பிறந்தாரின் மூன்று வயது மகன் பிரெஞ்சு மொழியில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார். அச்சிறுவன் ஒருநாள் மாவரைக்கும் ஆலையைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே நடந்தவற்றை வரிசையாக நடித்து நடித்துச் சொல்லி விளையாடினான். செயலும் சொல்லும் ஒன்றாய்ச் சேரும்போது மொழி ஏறுகிறது என்று குவான் கண்டுகொண்டார். அதை வைத்து அவர் வகுத்த முறை 1880-ல் நூலாக வெளிவந்தது.

கேட்டுச் செய்தல்

முதல் வழி, சொல்லைக் கேட்டுச் செயலாற்றுதல். தொடக்க வகுப்பில் முதல் சில வாரங்களுக்குப் பிள்ளையைப் பேசும்படி வற்புறுத்த வேண்டாம். ஆசிரியர் 'ஸ்டாண்ட் அப்' என்று சொல்லித் தாமே எழுந்து நிற்கட்டும். 'சிட் டவுன்' என்று சொல்லித் தாமே உட்காரட்டும். பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள். பிறகு ஆசிரியர் செய்து காட்டாமல் சொல்லை மட்டும் சொல்லட்டும். 'டச் யுவர் நோஸ்', 'ஓபன் த டோர்', 'கிவ் த புக் டு மேரி' என்று படிப்படியாக வாக்கியத்தை நீட்டலாம். ஒரு வாரம் கழிந்ததும் பிள்ளைகளில் ஒருவரே முன்னால் நின்று மற்றவர்களுக்குக் கட்டளையிடட்டும். தாய் தன் குழந்தையிடம் 'இங்கே வா', 'கை காட்டு' என்று பலகாலம் பேசிய பிறகுதானே குழந்தை வாய் திறக்கிறது!

அடுத்தது குவான் காட்டிய வழி. தேநீர் போடுவதை எடுத்துக்கொள்வோம். 'ஐ டேக் த பாட். ஐ ஃபில் இட் வித் வாட்டர். ஐ லைட் த ஸ்டவ். த வாட்டர் பாய்ல்ஸ். ஐ புட் இன் த டீ.' பாத்திரமும் அடுப்பும் இல்லாவிட்டாலும் கையால் நடித்துக் காட்டிக்கொண்டே இவற்றைச் சொல்லலாம். வலை பின்னுதல், தலை வாருதல், மிதிவண்டிக்குக் காற்றடித்தல் என்று நம் பிள்ளைகள் அன்றாடம் காணும் எந்தச் செயலையும் ஐந்தாறு சிறு வாக்கியங்களாக்கலாம். இதே வாக்கியங்களை மறுநாள் 'நேற்று செய்தேன்' என்ற பாவனையில் சொல்ல வைத்தால், இறந்தகால வினைகள் தாமாகப் படியும்.

இருவர் இருவராக

நாம் முதலில் போட்ட கணக்கை மாற்றவல்ல வழி ஒன்று உண்டென்றால் அது இதுவே. ஒருவர் பின் ஒருவராக 50 பேரையும் பேச வைக்க நேரம் போதாது. ஆனால் பக்கத்தில் இருப்பவரோடு இருவர் இருவராகப் பேச வைத்தால், ஒரே நேரத்தில் 25 பேர் பேசுவார்கள். 25 பேர் கேட்பார்கள். பத்து நிமிடம் இப்படி நடந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கும். 12 நொடி எங்கே, ஐந்து நிமிடம் எங்கே!

இதைச் செய்யப் பெஞ்சுகளை நகர்த்த வேண்டியதில்லை. முதல் வரிசைப் பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்தால் இரண்டாம் வரிசையோடு பேசலாம். ஆனால் திடீரென்று 'பேசுங்கள்' என்று விட்டுவிடலாகாது. முதலில் வகுப்பு முழுவதும் சேர்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்லட்டும். பிறகு வலப்பக்கத்தார் கேட்க, இடப்பக்கத்தார் விடை சொல்லட்டும். பிறகு இரண்டு பிள்ளைகள் எழுந்து நின்று செய்து காட்டட்டும். அதன்பின் எல்லாரும் இருவர் இருவராகப் பேசட்டும். ஆசிரியர் வரிசைகளுக்கிடையே நடந்து, காது கொடுத்துக் கேட்க வேண்டும். முடிக்க வேண்டிய நேரத்தில் இரண்டு முறை கைதட்டினால் நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே பழக்கிவிடலாம்.

"வகுப்பில் சத்தம் அதிகமாகிறதே" என்று சிலர் குறை சொல்வார்கள். தறிக்கூடத்தில் ஓசை கேட்டால் துணி நெய்யப்படுகிறது என்று பொருள். ஓசை நின்றால்தான் கவலைப்பட வேண்டும். மொழி வகுப்பும் அப்படிப்பட்டதே.

தெரியாததைக் கேட்கச் செய்தல்

ஆசிரியர் தம் கையில் பேனாவை வைத்துக்கொண்டு, 'வாட் இஸ் திஸ்?' என்று கேட்கிறார். அது பேனா என்பது அவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததைக் கேட்பது கேள்வியாகாது. அதே பேனாவை ஒரு துணிப்பையில் போட்டு, அதோடு சாவி, வெங்காயம், சீப்பு, பொத்தான் ஆகியவற்றையும் போடுங்கள். ஒரு பிள்ளை பைக்குள் கைவிட்டு ஒன்றைப் பற்றிக்கொள்ளட்டும். மற்றவர்கள், 'இஸ் இட் எ கீ?', 'இஸ் இட் ஸ்மால்?', 'இஸ் இட் ஹார்ட்?' என்று கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். இப்போது கேள்வி உண்மையான கேள்வியாகிவிடுகிறது. ஒரே வாக்கிய அமைப்பை முப்பது முறை சொல்லியும் பிள்ளைகள் சலிப்படையமாட்டார்கள்.

இவ்வாறே, இருவரில் ஒருவரிடம் ஒரு படத்தைக் கொடுத்து, மற்றவருக்குக் காட்டாமல் விளக்கச் சொல்லலாம்; கேட்பவர் வரைய வேண்டும். 'வலப்பக்கம் ஒரு மரம், மரத்தடியில் ஒரு நாய்' என்று ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவர் வரைந்த பின் இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எழும் சிரிப்பே பெரிய பரிசு.

நம் தென்னாட்டிலேயே 1979 முதல் 1984 வரை சில சாதாரணப் பள்ளிகளில் பேராசிரியர் என்.எஸ். பிரபு நடத்திய சோதனை முயற்சி உலகப் புகழ் பெற்றது. பெங்களூர்த் திட்டம் என்று அதைக் குறிப்பிடுவார்கள். அதில் இலக்கண விதிகளை வரிசையாக நடத்தவில்லை. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து விடை காணும் வேலைகளைப் பிள்ளைகளுக்குத் தந்தார்கள். முதலில் அதே போன்றதொரு வேலையை ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து வாய்மொழியாகச் செய்வார்கள். அடுத்துப் பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். மனம் விடையைத் தேடுவதில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்குகிறது என்பதே அம்முயற்சியின் அடிப்படை. நம் மாலை வகுப்பிலும் பேருந்து நேரப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, 'காலை 9 மணிக்குள் சந்தைக்குப் போய்ச் சேர எந்தப் பேருந்தில் ஏற வேண்டும்?' என்று ஆங்கிலத்தில் கேட்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.

காத்திருத்தல்

மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளை ஆராய்ந்து, 1970-களில் ஒரு செய்தியை வெளியிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான்! அதை மூன்று நொடியாக நீட்டியபோது, விடை சொல்லும் பிள்ளைகள் கூடினார்கள், விடைகளும் நீண்டன, 'தெரியாது' என்பதும் விடையின்றி நிற்பதும் குறைந்தன. அவர் ஆராய்ந்தது அறிவியல் வகுப்புகளை. பிறமொழியில் விடை தேடும் பிள்ளைக்கு அந்த மூன்று நொடி எவ்வளவு தேவை என்று நாமே எண்ணிப் பார்க்கலாம். ஆகவே கேள்வியை முதலில் கேளுங்கள். மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். அதன் பிறகே ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால், மற்ற 49 பேரும் அந்தக் கேள்வி தமக்கில்லை என்று இருந்துவிடுவார்கள்.

ஒலி

நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலச் சொல்லின் மேலே அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் அது உதவி போலத் தோன்றும், பின்னர் தடையாகிவிடும். ஆடு, மேற்சட்டை, சட்டத் தொகுப்பு என்னும் பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் தமிழில் எழுதினால் மூன்றும் 'கோட்' என்றே வரும். 'பெரிய' என்பதற்கும் 'பன்றி' என்பதற்கும் உரிய இரு சொற்களும் 'பிக்' என்றே நிற்கும். நம் எழுத்து நம் மொழிக்கு மிகப் பொருத்தமானது. பிறமொழி ஒலிகளை அளக்க அது ஏற்பட்டதன்று. எனவே காதால் கேட்டுப் பழகச் செய்ய வேண்டும்.

இதற்கொரு எளிய வழி உண்டு. ஒரு மெல்லிய தாளை வாய்க்கு முன் பிடித்துக்கொண்டு, பன்றியைக் குறிக்கும் சொல்லைச் சொன்னால் தாள் அசைய வேண்டும். பெரிய என்பதைக் குறிக்கும் சொல்லைச் சொன்னால் அசையலாகாது. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள். 'ஃபேன்' என்பதைச் சொல்லக் கீழுதட்டை மேற்பல்லில் தொட்டு ஊத வேண்டும். 'இஸ்கூல்' என்று சொல்லும் பிள்ளையைப் பாம்பு சீறுவது போல 'ஸ்ஸ்ஸ்' என்று தொடங்கச் சொல்லி, அதோடு 'கூல்' என்பதைச் சேர்க்கச் சொன்னால் முன்னால் வரும் இகரம் மறைந்துவிடும்.

தமிழுக்கு உரிய இடம்

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. தமிழில் பேசிய பிள்ளைக்கு அபராதம் விதிக்கும் பள்ளிகளும் உண்டு. இதை நாங்கள் ஒப்புவதில்லை. தாய்மொழியைப் பேசியதற்காகத் தண்டனை பெறும் பிள்ளை தன் தாயையும் வீட்டையும் குறித்து வெட்கப்படக் கற்றுக்கொள்கிறது; ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்வதில்லை. தாய்மொழியில் தெளிவாகச் சிந்திக்கும் பிள்ளையே பிறமொழியிலும் தெளிவாகப் பேசும்.

அதற்காக, வரிக்கு வரி தமிழில் பெயர்த்துக்கொண்டே போனால் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பதையே விட்டுவிடும். தமிழ் வரும் வரை காத்திருக்கும். அளவோடு கையாள்வதற்கு டாட்சன் என்பவர் 1967-ல் எழுதிய நூலில் ஒரு முறை உண்டு. ஆங்கில வாக்கியத்தை முதலில் சொல். அதன் பொருளைத் தாய்மொழியில் ஒருமுறை சொல். உடனே ஆங்கில வாக்கியத்தை மீண்டும் சொல். தமிழ் நடுவில் ஒரே ஒருமுறை வரும். தொடக்கமும் முடிவும் ஆங்கிலமே.

இரு மொழிகளின் வேறுபாட்டை விளக்கவும் தமிழ் உதவும். 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, 'டு மீ ஒன் பிரதர் இஸ் தேர்' என்கிறது பிள்ளை. 'அவர் ஆசிரியர்' என்னும் தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை. ஆதலால் 'ஹி டீச்சர்' என்கிறது. இவை அறியாமையால் வந்த பிழைகள் அல்ல. தமிழின் ஒழுங்கைப் பின்பற்றியதால் வந்தவை. 'தமிழில் நாம் இப்படிச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்' என்று ஒருமுறை கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் பிள்ளைக்குத் தெளிவு பிறக்கும். அதன்பின் 'ஐ ஹாவ் எ பிரதர்', 'ஐ ஹாவ் எ சைக்கிள்', 'ஐ ஹாவ் டூ கோட்ஸ்' என்று இருவர் இருவராகப் பழகட்டும்.

கரும்பலகையும் சுவரும்

கரும்பலகையில் ஐந்து வாக்கியங்களை எழுதுங்கள். பிள்ளைகள் படிக்கட்டும். இரண்டு சொற்களை அழித்துவிட்டு, மீண்டும் முழுவதையும் சொல்லச் சொல்லுங்கள். மேலும் நான்கு சொற்களை அழியுங்கள். இப்படியே அழித்துக்கொண்டு போனால், பலகை வெறுமையாகும்போது வாக்கியங்கள் பிள்ளைகள் மனத்தில் நின்றிருக்கும்.

எழுத்துப் பயிற்சிக்கு ஒரு வழி. ஒரு சிறு பத்தியை வகுப்பின் மறுமுனைச் சுவரில் ஒட்டுங்கள். இருவரில் ஒருவர் ஓடிச் சென்று ஒரு வரியைப் படித்து, நினைவில் கொண்டு, திரும்பி வந்து சொல்ல வேண்டும்; மற்றவர் எழுத வேண்டும். பாதியில் வேலையை மாற்றிக்கொள்ளலாம். படித்தல், நினைவில் வைத்தல், பேசுதல், கேட்டல், எழுதுதல் ஆகிய ஐந்தும் இதில் அடங்கிவிடுகின்றன. மந்தமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் இதில் முதலில் ஓடும்.

பாடம் படிக்கும்போது, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் விரல் வைத்துத் தொடரும் பழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. பொருள் உணர்வதற்கு அது அவ்வளவாக உதவாது. 'இந்தச் சிறுமி ஏன் அழுதாள்? கண்டுபிடியுங்கள்' என்று ஒரு கேள்வியை முதலில் கொடுத்துவிட்டு, எல்லாரையும் மௌனமாகப் படிக்கச் சொல்லுங்கள். தேடிப் படிப்பவனுக்குப் பொருள் விளங்கும்.

எந்தச் சொற்களைக் கற்பிப்பது? அந்நாளைய வங்காளத்தில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் கல்வியாளர், அடிக்கடி வரும் ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியலை 1953-ல் வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் மிகப் பெரும்பகுதி இத்தகைய சொற்களாலேயே ஆனது. வாரத்துக்குப் பத்துச் சொல் வீதம், ஆண்டுக்கு 40 வாரம் கற்றால், ஐந்தாண்டில் 2000 சொற்கள் சேர்ந்துவிடும். அரிய சொற்களின் எழுத்துக் கூட்டலை ஒப்பிக்க வைப்பதைவிட, எளிய சொல்லொன்றைப் பத்து வாக்கியத்தில் பயன்படுத்தப் பழக்குவது மேலானது.

திருத்தும் முறை

இறுதியாக, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமாக, பிழை திருத்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை துணிந்து எழுந்து, 'எஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்' என்கிறாள். வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியர் 'உட்கார்' என்கிறார். அந்தப் பிள்ளை அன்று உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்கமாட்டாள். பத்தாண்டுக்குப் பின் நேர்முகத்தில் தலை குனிந்து நிற்பவர்கள் இப்படி உட்கார வைக்கப்பட்டவர்களே.

மாறாக, ஆசிரியர் முகமலர்ச்சியோடு, 'ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்! வாட் டிட் யூ பை?' என்று கேட்கட்டும். திருத்தமும் ஆயிற்று, உரையாடலும் தொடர்ந்தது, பிள்ளையின் மானமும் காப்பாற்றப்பட்டது. வாக்கிய அமைப்பைப் பழகும் நேரத்தில் பிழையை உடனே திருத்தலாம். மனம்விட்டுப் பேசும் நேரத்தில் குறுக்கிடலாகாது. பொதுவான பிழைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில், யார் செய்த பிழை என்று சொல்லாமல், பலகையில் எழுதி எல்லாருமாகத் திருத்தலாம். ஒருவர் பிழையைக் கேட்டு மற்றவர் சிரிப்பதை மட்டும் முதல் நாளிலிருந்தே தடுத்துவிட வேண்டும்.

பெற்றோருக்கு

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கும் தாய்மார்களே! நீங்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. பிள்ளைக்குத் தேவை, கேட்பதற்கு ஒரு காது. இரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் பிள்ளையை அருகில் அழைத்து, "இன்று நடந்த மூன்று செய்திகளை ஆங்கிலத்தில் சொல்லு, பிறகு அம்மாவுக்குத் தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராகப் பிள்ளை மாறும்போது அதன் கூச்சம் பறந்துவிடும். கையில் உள்ள செல்பேசியில் பிள்ளையின் பேச்சைப் பதிவு செய்து, மாதம் ஒருமுறை பழைய பதிவையும் புதிய பதிவையும் போட்டுக் கேளுங்கள், வளர்ச்சி தெரியும். ஒரு நாள் ஐந்து நிமிடம் என்றாலும் ஆண்டுக்கு 30 மணி நேரம் ஆகிறது. பள்ளி தந்த 40 நிமிடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். மதிப்பெண் குறைந்ததைச் சொல்லி உறவினர் முன்னிலையில் கடிந்துகொள்ளாதீர்கள். பயம் புகுந்த இடத்தில் மொழி தங்காது.

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களிடம் எங்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடமேனும் இருவர் இருவராகப் பேச விடுங்கள். இரண்டாவது, கேள்வி கேட்டபின் மூன்று எண்ணுங்கள். மூன்றாவது, எந்தப் பிள்ளையும் சிரிப்புக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இம்மூன்றுக்கும் பணம் வேண்டாம், கருவி வேண்டாம், பட்டம் வேண்டாம். பொறுமை ஒன்றே போதும்.

நம் பங்கு தன் யூபிலியைக் கொண்டாடும் இவ்வாண்டில் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகத்தின் முன் நிற்பார்கள். அன்று அவர்கள் தலை நிமிர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் தம் உள்ளத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதற்கான பழக்கத்தை நாளை மாலை வகுப்பிலேயே தொடங்குவோம்.